காலாட்படை ரைபிளுக்குக் கைரேகைப் பூட்டு வேண்டாம்

எதிர்கால ராணுவம் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு துப்பாக்கி வந்துவிடுகிறது. உரியவன் பிடித்தால்தான் சுடும், எதிரி எடுத்தால் வெறும் இரும்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிப்பாயின் ரைபிளில் அந்தப் பூட்டு வருவதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன்.

வீட்டுக் கைத்துப்பாக்கி வேறு விஷயம். குழந்தை கையில் சிக்கும், திருடன் தூக்கிப்போவான். அமெரிக்காவின் பயோஃபயர் நிறுவனம் 2023இல் கைரேகையும் முகமும் பார்த்துத் திறக்கும் கைத்துப்பாக்கியை அறிவித்தபோது மனதார வரவேற்றேன்.

போர்க்களத்தில் ஆயுதம் ஒருவனுக்குச் சொந்தமில்லை. மெஷின் கன் சுடுபவன் விழுந்தால் பக்கத்தில் இருப்பவன் அதே நொடியில் பிடித்துக்கொள்ள வேண்டும், பயிற்சியே அப்படித்தான். முழுப் படைப்பிரிவின் கைரேகையையும் பதிந்துவைக்கலாம் என்கிறார்கள். சரி, நேற்று இரவு வந்து சேர்ந்த புது ஆளுக்கு? உதவிக்கு வந்த வேறு பிரிவுக்காரனுக்கு? சேறும் ரத்தமும் அப்பிய விரலுக்கு, கையுறைக்கு?

இதைவிடப் பயமானது ரேடியோ அலையில் திறக்கும் பூட்டு. ஜெர்மனியின் ஆர்மாட்டிக்ஸ் கைத்துப்பாக்கி, அதற்கான கைக்கடிகாரம் அருகில் இருந்தால்தான் சுடும். 2017இல் ஒரு ஹேக்கர் சுமார் 15 டாலர் காந்தங்களை வைத்தே அந்தப் பூட்டை ஏமாற்றிவிட்டார். அதோடு, அதே அலைவரிசையில் இடையூறு செய்து, உரியவரே சுட முடியாதபடியும் செய்து காட்டினார். ரேடியோ அலைகளை முடக்கும் ஜாமர் இல்லாத ராணுவம் இன்று எங்கே இருக்கிறது? ஒரு பிளாட்டூனின் துப்பாக்கிகள் மொத்தமும் ஊமையாவதை நினைத்துப் பாருங்கள்.

நம்பகமில்லாத ரைபிள் என்ன செய்யும் என்பதை வியட்நாம் போர் காட்டியது. எம்-16 வந்த புதிதில் தோட்டாவின் வெடிமருந்தை மாற்றினார்கள், துடைக்கும் சாமான்களைக்கூட ஒழுங்காகக் கொடுக்கவில்லை. சண்டைக்கு நடுவே துப்பாக்கி சிக்கி வீரர்கள் செத்தார்கள். 1967இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரிக்கும் அளவுக்குப் போனது. அங்கே பூட்டே இல்லை, வெறும் இயந்திரக் கோளாறுதான்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம், அமெரிக்கா கொடுத்த ஆயுதங்கள் 2014இல் ஈராக்கின் மோசூலில் ஐஎஸ் அமைப்பிடமும், 2021இல் ஆப்கானிஸ்தானில் தாலிபான்களிடமும் சிக்கியதுதான். ஆப்கன் படைகளுக்குக் கொடுத்து, அங்கேயே விடப்பட்ட தளவாடங்களின் மதிப்பு சுமார் 700 கோடி டாலர் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே கணக்குச் சொன்னது. எனக்கும் அது ஆறாத கோபம்தான். ஆனால் கைப்பற்றியவனுக்கு மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. ஆப்கன் எல்லைக்கு அந்தப்பக்கம், பாகிஸ்தானின் தர்ரா ஆதம் கேல் ஊர்ப் பட்டறைகளில் துப்பாக்கியையே கையால் செய்கிறார்கள். டிரிகரில் உள்ள பூட்டைக் கழற்றுவதா அவர்களுக்குப் பெரிய வேலை? அவசரத்தில் இருக்கும் நம் ஆளுக்கு மட்டும்தான் அது தடை.

பூட்டுக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. ஐரோப்பாவில் அமெரிக்கா வைத்திருந்த அணு ஆயுதங்களுக்குப் பூட்டுப் போட 1962இல் அதிபர் கென்னடி உத்தரவிட்டார், அது சரியான முடிவு. தோளில் வைத்து ஏவும் ஏவுகணைக்கும் வேண்டும் என்பேன். எண்ணிக்கை குறைவு, உள்ளே மின்னணுவும் பேட்டரியும் ஏற்கெனவே உண்டு, ஒன்று தவறான கைக்குப் போனாலும் ஒரு பயணிகள் விமானமே போய்விடும். 1986இல் ஆப்கன் முஜாகிதீன்களுக்கு அப்படிப்பட்ட ஸ்டிங்கர் ஏவுகணைகளை அள்ளிக்கொடுத்த சிஐஏ, 1990களில் அவற்றைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்க அலைந்தது. பூட்டு ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குபவர்கள் முதலில் அங்கே ஒதுக்கட்டும்.