ஒரே ஒரு இடம் இருந்த ராத்திரி

பேஸ்பாலில் எனக்கு ரொம்பப் பிடித்த வெற்றி எது என்று கேட்டால், உலகத் தொடர் இறுதி ஆட்டம் எதையும் சொல்ல மாட்டேன். 2011 செப்டம்பர் 28 அன்று டாம்பா பே ரேஸ் அணி நியூயார்க் யாங்கீஸை 8-7 என்று வென்ற ஆட்டம்தான் அது. அன்றைக்குக் கோப்பை எதுவும் கொடுக்கவில்லை. பிளே-ஆஃபில் ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த இடம் ஒன்றே ஒன்றாக இருந்ததால்தான் அந்த ராத்திரிக்கு அவ்வளவு வேகம் வந்தது. இப்போதைய முறையில் அப்படி ஒரு ராத்திரி அமையவே அமையாது. அதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பேஸ்பால் அதிகம் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை ஒவ்வோர் அணியும் 162 ஆட்டம் ஆட வேண்டும். கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்; ஒவ்வொன்றிலும் இரு அணியும் தலா மூன்று அவுட் விழும்வரை மட்டை பிடிக்கும், ஸ்கோர் சமமானால் கூடுதல் இன்னிங்ஸ். நான்கு பேஸையும் சுற்றி வந்தால் ஒரு ரன். இரண்டு லீக், ஒவ்வொன்றிலும் மூன்று பிரிவு. பிரிவில் முதலிடம் பிடிக்கிறவர்கள் நேராகப் பிளே-ஆஃபுக்குப் போவார்கள். ஒவ்வொரு லீகிலும் மிச்சம் இருப்பவர்களில் அதிகம் ஜெயித்த ஒரே ஓர் அணிக்கு வைல்டு கார்டு என்று ஓர் இடம். 2011இல் நிலைமை இதுதான். 30 அணிகளில் 8க்குத்தான் அக்டோபரில் வேலை. ஐபிஎல் மாதிரி நெட் ரன் ரேட் கணக்கெல்லாம் கிடையாது. 15-0 என்று ஜெயித்தாலும் 1-0 என்று ஜெயித்தாலும் ஒரே மதிப்புதான். அப்போது இரண்டு அணிகள் சமமாக நின்றால் மறுநாளே 163வது ஆட்டம் ஒன்றை ஆடித் தீர்த்துக்கொள்வார்கள்.

அந்த வருடம் செப்டம்பர் முதல் வாரத்தில் வைல்டு கார்டு போட்டியில் டாம்பா, பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு 9 ஆட்டம் பின்னால் இருந்தது. கையில் மிச்சம் நான்கு வாரம்கூட இல்லை. செப்டம்பரில் அவ்வளவு பெரிய முன்னிலையை வைத்துக்கொண்டு அதற்கு முன் எந்த அணியும் கோட்டை விட்டதில்லை. பணத்தைப் பார்த்தால் பேச்சே இல்லை. பாஸ்டனின் சம்பளப் பட்டியல் சுமார் 16 கோடி டாலர், யாங்கீஸ் சுமார் 20 கோடி, டாம்பா 4 கோடிக்குக் கொஞ்சம் மேலே. டாம்பாவின் சொந்த நட்சத்திரமான கார்ல் கிராஃபோர்டையே பாஸ்டன் அந்த சீசனுக்கு முன்னால்தான் ஏழு வருட ஒப்பந்தத்தில் 14 கோடி டாலருக்கு மேல் கொடுத்துத் தன் பக்கம் இழுத்திருந்தது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பாஸ்டன் சரியத் தொடங்கியது. அந்த மாதம் 7 ஜெயித்து 20 தோற்றார்கள். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பாஸ்டன் தானாக விழுந்தது, டாம்பா சும்மா நின்று இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று எழுதுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது அநியாயம். அந்த மாதம் இரு அணிகளும் நேருக்கு நேர் ஏழு முறை மோதின, அதில் ஆறு டாம்பாவுக்கு. கடைசி வாரம் யாங்கீஸுடன் மூன்று ஆட்டம், ஒன்றைக்கூடச் சுலபமாக விட முடியாத நிலை. இரண்டாவது ஆட்டத்தில் யாங்கீஸின் ரஸ்ஸல் மார்ட்டின் அடித்த ஒரே பந்தில் மூன்று பேரை அவுட்டாக்கினார்கள். டிரிபிள் பிளே. பல சீசன் விடாமல் பார்க்கிறவர்களுக்குக்கூட அபூர்வமாகத்தான் நேரில் காணக் கிடைக்கும். கெடு நெருங்கிய நேரத்தில் அப்படி ஆடிய அணியை அதிர்ஷ்டக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது.

கடைசி நாள் காலையில் டாம்பாவும் பாஸ்டனும் சரிசமம். டாம்பா சொந்த ஊரில் யாங்கீஸுடன், பாஸ்டன் பால்டிமோரில் ஓரியோல்ஸுடன்.

டாம்பாவின் மைதானமான ட்ராபிகானா ஃபீல்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் இருக்கிறது. கூரை போட்ட அரங்கம். 2024 அக்டோபரில் மில்டன் புயல் கிழித்துப் போட்டதே, அதே கூரைதான். வழக்கமாகக் கூட்டம் குறைவாக இருக்கும் இடத்தில் அன்றைக்குக் கிட்டத்தட்ட முப்பதாயிரம் பேர். வந்தவர்களுக்கு முதல் இரண்டு மணி நேரம் வேதனைதான். யாங்கீஸின் மார்க் டெக்ஷேரா இரண்டாவது இன்னிங்ஸிலேயே கிராண்ட் ஸ்லாம், அதாவது ஒரே அடியில் நான்கு ரன் தரும் ஹோம் ரன் அடித்தார் (ஹோம் ரன் என்றால் பந்து சுவரைத் தாண்டிப் போகும் அடி), பிறகு இன்னொரு ஹோம் ரன். டாம்பாவின் முதல் தர பிட்சர் (பந்து வீசுகிறவர்) டேவிட் பிரைஸ் நான்கு இன்னிங்ஸோடு வெளியேறினார். எட்டாவது இன்னிங்ஸில் டாம்பா மட்டையெடுக்க வந்தபோது ஸ்கோர் 7-0. ஜனம் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது.

எட்டாவது இன்னிங்ஸில் பெரிய அடியே இல்லாமல்தான் ஆட்டம் திரும்பத் தொடங்கியது. அதுதான் அதன் அழகு. ஜானி டேமன் ஒரு பேஸ் ஓடும் சிங்கிள், பென் சோப்ரிஸ்ட் இரண்டு பேஸ் ஓடும் டபுள். கேசி காட்ச்மேன் உடம்பில் பந்து வாங்கி பேஸுக்குப் போனார். சாம் ஃபல்டு பொறுமையாக நின்று, எல்லைக்கு வெளியே போன நான்கு பந்தை விட்டு, வாக் என்று முதல் பேஸை இலவசமாக வாங்கினார், ஒரு ரன். ஷான் ரோட்ரிகெஸ் மேலும் பந்து பட்டது, இன்னொரு ரன். பி.ஜே. அப்டன் உயரமாக ஒரு பந்தைத் தூக்கிக் கொடுத்து அவுட் ஆனாலும் மூன்றாவது ரன் வந்துவிட்டது. யாரும் வீரம் காட்டப் போகவில்லை. தன் அவுட்டைச் சுலபமாகக் கொடுக்காமல் அடுத்தவனுக்கு ஒரு வாய்ப்பை விட்டுப் போனார்கள். அடுத்து வந்த எவான் லாங்கோரியா மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். 7-6.

ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் விழுந்தாகிவிட்டது. மேலாளர் ஜோ மேடன் அனுப்பிய ஆள் டான் ஜான்சன். அன்றைக்கு அவருடைய பேட்டிங் சராசரி .108. அதாவது பத்து முறை மட்டை பிடித்தால் ஏறக்குறைய ஒரு முறைதான் ஹிட் வரும். சீசன் தொடக்கத்தில் முதல் பேஸில் நின்றவர், ஆட்டம் வராமல் கீழ்நிலை அணிக்கு அனுப்பப்பட்டுத் திரும்பி வந்தவர். கடைசியாக ஹிட் அடித்தது ஏப்ரலில். ஏன் அவரை அனுப்பினார்கள் என்று இன்றும் கேட்கிறவர்கள் உண்டு. காரணம் இருந்தது. 2008 செப்டம்பரில் இதே ஜான்சன் கீழ்நிலை அணியிலிருந்து அன்றைக்குத்தான் விமானத்தில் வந்து இறங்கி, பாஸ்டன் மைதானத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸில், பாஸ்டன் பிட்சர் ஜோனதன் பாபெல்பான் பந்தை ஹோம் ரன் அடித்து ஸ்கோரைச் சமன் செய்தவர். அந்த ஆட்டத்தை டாம்பா ஜெயித்தது. நடுவில் ஜப்பானில் யோகோஹாமாவுக்குக்கூட ஒரு வருடம் ஆடிப் பார்த்தார். சராசரி எண்ணைத் தாண்டி ஓர் ஆளின் நெஞ்சுரம் தெரிந்த மேலாளர் எடுத்த முடிவு அது.

மூன்று ஸ்ட்ரைக், அதாவது சரியாக அடிக்காமல் விட்ட பந்து, ஆனால் அவுட். இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது. இன்னும் ஒரு ஸ்ட்ரைக் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. பிட்சர் கோரி வேட் போட்ட மெதுவான பந்தை ஜான்சன் வலப்பக்க ஓரமாக இழுத்து அடித்தார். உயரமாகப் போகவில்லை, கோட்டை ஒட்டியே தாழ்வாகப் பறந்தது. ஃபவுல் கம்பத்துக்கு அந்தப் பக்கம் போனால் அது வெறும் ஃபவுல், இந்தப் பக்கம் விழுந்தால் ஹோம் ரன், கம்பத்தில் பட்டாலும் ஹோம் ரன். அந்தக் கம்பத்தடியில்தான் விழுந்தது. 7-7. அந்தக் காணொளியை எத்தனை தடவை பார்த்தாலும் பந்து வெளியே போய்விடுமோ என்று எனக்குப் பதறும்.

அதே நேரத்தில் பால்டிமோரில் மழை. பாஸ்டன் 3-2 என்று முன்னிலையில் இருக்கும்போது ஆட்டத்தை நிறுத்தி ஒன்றரை மணி நேரத்துக்கு நெருக்கமாகக் காத்திருந்தார்கள். அந்த இடைவேளையில்தான் டாம்பா எழுந்தது. பாஸ்டன் வீரர்கள் உடை மாற்றும் அறைத் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அதிகம் மதிப்பது இனி சொல்லப் போகும் அணியைத்தான். பால்டிமோர் ஓரியோல்ஸ் பிரிவில் கடைசி இடம். ஏற்கெனவே 93 தோல்வி. அன்றைக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் அவர்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, மறுநாள் காலையில் எல்லோரும் ஊருக்குப் போக வேண்டியதுதான். மழையில் நனைந்து, நள்ளிரவு நெருங்கி, ஒன்பதாவது இன்னிங்ஸில் முதல் இரண்டு பேரும் ஸ்ட்ரைக் அவுட். பந்து போடுவது அதே பாபெல்பான். எட்டு இன்னிங்ஸ் முடிவில் முன்னிலையில் இருந்த 77 ஆட்டங்களில் ஒன்றைக்கூட அந்த வருடம் பாஸ்டன் தோற்றதில்லை. அந்த இடத்தில் மட்டையைச் சும்மா வீசிவிட்டு நடையைக் கட்டியிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? கிறிஸ் டேவிஸ் டபுள் அடித்தார். நோலன் ரைமோல்டு இன்னொரு டபுள், 3-3. ராபர்ட் ஆண்டினோ இடது பக்கம் தாழ்வாக ஒரு பந்தை அடிக்க, ஓடி வந்து சறுக்கிப் பிடிக்கப் பார்த்தவர் கார்ல் கிராஃபோர்டு. பந்து கையுறையில் நிற்கவில்லை. ரைமோல்டு ஓடி வந்து ஹோம் பிளேட்டைத் தொட்டார், 4-3. உலகத் தொடரையே ஜெயித்ததுபோல் கூடிக் குதித்தார்கள். அந்த மகிழ்ச்சி முழுக்க அவர்களுக்கு உரியது. சீசனின் முதல் மூன்று ஆட்டத்தில் டாம்பாவை அதன் சொந்த ஊரிலேயே வரிசையாகத் தோற்கடித்ததும் இதே ஓரியோல்ஸ்தான். ஏப்ரலிலும் யாருக்கும் சலுகை காட்டவில்லை, செப்டம்பரிலும் காட்டவில்லை.

அந்தச் செய்தி ட்ராபிகானா ஃபீல்டின் ஸ்கோர் பலகைக்கு வந்தபோது 12வது இன்னிங்ஸ், மட்டை பிடித்து நின்றது லாங்கோரியா. அதே இன்னிங்ஸின் முதல் பாதியில் யாங்கீஸ் அவுட்டே இல்லாமல் முதல் பேஸிலும் மூன்றாவது பேஸிலும் ஆளை நிறுத்தியும் ஒரு ரன்கூட எடுக்க டாம்பா விடவில்லை. அரங்கம் அலறியது. பால்டிமோரில் முடிந்து மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. ஸ்காட் பிராக்டர் போட்ட பந்தை லாங்கோரியா இடது ஓரத்துத் தாழ்வான சுவருக்கு மேலே அடித்தார். ஒரு காலத்தில் கிராஃபோர்டு எம்பிப் பிடிக்க வசதியாக இருக்கட்டும் என்று உயரம் குறைத்த சுவர் அது. 8-7, ஆட்டம் முடிந்தது. டாம்பா 91 வெற்றி, பாஸ்டன் 90.

யாங்கீஸ் முழு மூச்சாக ஆடவில்லை, கடைசி இன்னிங்ஸுக்கென்றே வைத்திருந்த தங்கள் சிறந்த பிட்சர் மரியானோ ரிவேராவை இறக்காமல் 11 பிட்சர்களை மாற்றி மாற்றிப் போட்டார்கள் என்று பாஸ்டன் ரசிகர்கள் பல வருடம் புலம்பினார்கள். அவர்கள் வலி புரிகிறது, வாதம் சரியில்லை. பிரிவை முன்கூட்டியே ஜெயித்த அணிக்குத் தன் வீரர்களைப் பிளே-ஆஃபுக்கு ஓய்வெடுக்க விடும் உரிமை உண்டு. அதுவும் உழைத்துச் சம்பாதித்த உரிமைதான். பாஸ்டன் ஏப்ரலில் முதல் ஆறு ஆட்டத்தைத் தோற்றதும் இதே 162க்குள் வருகிறது.

அதே ராத்திரி இன்னொரு லீகான நேஷனல் லீகிலும் இதே கதை. 8 ஆட்டத்துக்கு மேல் முன்னிலை வைத்திருந்த அட்லாண்டா, பிலடெல்ஃபியாவிடம் 13 இன்னிங்ஸில் தோற்று வெளியேற, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் உள்ளே வந்தது. அந்த வருட உலகத் தொடரையும் அவர்களே ஜெயித்தார்கள். டாம்பா முதல் சுற்றிலேயே டெக்சஸிடம் தோற்றது. அதனால் செப்டம்பர் 28 எனக்கு ஒரு துளிகூடக் குறையவில்லை.

இப்போது என் குறைக்கு வருகிறேன். 2012இல் ஒரு லீகுக்கு இரண்டு வைல்டு கார்டு ஆக்கினார்கள். 2022இல் மூன்று, மொத்தம் 12 அணிகள். 163வது ஆட்டத்தையும் எடுத்துவிட்டார்கள், சமமாக நின்றால் நேருக்கு நேர் மோதியதில் யார் மேல் என்று பார்த்து முடித்துவிடுகிறார்கள். 2012இன் விதி ஒரு வருடம் முன்பே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? டாம்பா, பாஸ்டன் இரண்டும் உள்ளே. அட்லாண்டா, செயின்ட் லூயிஸ் இரண்டும் உள்ளே. ஜான்சனின் அடி ஒரு நல்ல ஹோம் ரன்னாகவும், ஆண்டினோவின் அடி யாருக்கும் ஞாபகம் இல்லாத ஒரு சிங்கிளாகவும் போயிருக்கும்.

புதிய முறையை விரும்புகிறவர்கள் 2024 செப்டம்பர் 30ஐக் காட்டுவார்கள். அட்லாண்டாவில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஃபிரான்சிஸ்கோ லிண்டோர் அடித்த ஹோம் ரன்னில் நியூயார்க் மெட்ஸ் 8-7 என்று ஜெயித்தது. அபாரமான ஆட்டம், எனக்கும் பிடிக்கும். ஆனால் அடுத்து நடந்ததையும் பாருங்கள். மெட்ஸுக்கு இடம் உறுதியாகிவிட்டது, இரண்டாவது ஆட்டம் அவர்களுக்குத் தேவையே இல்லை. அதை அட்லாண்டா 3-0 என்று ஜெயித்து அதுவும் உள்ளே போனது. களத்தில் இருந்த இரண்டு அணியும் அன்றைக்குக் கொண்டாடின. இழந்தது, அன்று ஆட்டமே இல்லாமல் உட்கார்ந்திருந்த அரிசோனா. அதே அரிசோனா அதற்கு முந்தைய வருடம் 84 வெற்றியோடு கடைசி ஆளாக நுழைந்து உலகத் தொடர் வரை போனது, மறுக்கவில்லை. நிறைய ஊர்களுக்குச் செப்டம்பர் வரை நம்பிக்கை நீடிக்கிறது என்பதும் உண்மை. ஆனாலும் 162 ஆட்டம் ஆடி 84 ஜெயித்தால் போதும் என்றால், ஆறு மாதம் தினமும் எதற்காக மட்டை தூக்க வேண்டும்?

2022 ஒப்பந்தப் பேச்சில் அணி உரிமையாளர்கள் முதலில் கேட்டது 14 இடம். வீரர்கள் சங்கம் ஒத்துக்கொள்ளாததால் 12இல் நின்றது. அந்த ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1இல் முடிகிறது. 14 என்ற பேச்சு மறுபடி வந்தால் வீரர்கள் அதற்குத் தலையாட்டக் கூடாது. என்னைக் கேட்டால் பத்துக்கே இறக்கலாம், 163வது ஆட்டத்தையும் திருப்பிக் கொண்டுவரலாம்.