பிரேக் பிடிக்கலையாம்!

எந்த வீடியோவைப் பற்றிப் பேசுகிறேன் என்று உங்களுக்கே தெரியும்: கிராமத்துக் கல் தெருவில் எட்டுப் பேர் சைக்கிளில் வேகமாகப் பாய்ந்து வருகிறார்களே, அதுதான். இரண்டு நாளாக எல்லா சைக்கிள் குழுவிலும் அதுதான் ஓடுகிறது. சம்பந்தப்பட்டவர் பெயரை நான் எழுதப் போவதில்லை, கமெண்டில் யாரும் டேக் செய்யவும் வேண்டாம். அந்தப் பெரியவர் சுவரோடு ஒட்டிக்கொண்டதையும், கடைசியாக வந்த கிராவல் சைக்கிள் (சரளைச் சாலைக்கென்றே செய்தது) வாலை ஆட்டிக்கொண்டே போய் அவர் வீட்டு வாசற்படியில் மோதியதையும் பார்த்தாயிற்று. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. எனக்கு எரிச்சல் வந்தது வீடியோவால் அல்ல, அதற்குக் கீழே வந்த விளக்கத்தால். “கல் ஈரமாக இருந்தது, பிரேக் பிடிக்கவில்லை. என்ன செய்ய முடியும்?”

கேட்டுவிட்டார், சொல்கிறேன். பிரேக் பிடிக்கிற வேகத்தில் வந்திருக்கலாம்.

கணக்கு போட்டே பார்த்துவிடுவோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகமென்றால் நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் போகிறோம். கண் பார்த்து விரல் லீவரை அழுத்த ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், அந்த 8 மீட்டர் போயே போச்சு. அதற்குப் பிறகு, நல்ல டயர், நல்ல பிரேக் எல்லாம் இருந்தாலும் சரளையில் நிற்க ஏறக்குறைய இன்னொரு 12 மீட்டர் வேண்டும். ஆக 20. இதே 15 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் சுமார் 7 மீட்டரில் நின்றுவிடலாம். வேகம் பாதிதான் குறைந்தது, தூரம் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. பல தலைமுறைக் கால்கள் தேய்த்து வழவழப்பாக்கிய தெருக்கல்லில், அதுவும் நனைந்திருந்தால், இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். வீடியோவில் அந்த வளைவுக்கும் பெரியவரின் வாசலுக்கும் நடுவே பத்து மீட்டராவது இருக்குமா? பிரேக் பிடிக்கவில்லையாம்.

இன்னொன்று. அதே விளக்கத்தில் நடுவே பெருமையாக ஒரு வரி எழுதியிருந்தார், கவனித்தீர்களா? 40 மில்லிமீட்டர் அகல டயரில் 60 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்றாம், “உருளும்போது வேகம் கிடைக்கும்” என்று. ஐயா, அந்த டயரில் 60 அடித்தால் அது கல்லின் மேல் உருளாது, கல்லுக்குக் கல் தாவும். தாவுகிற நேரத்தில் சக்கரத்துக்கும் தரைக்கும் தொடர்பே இல்லை. அந்தரத்தில் இருக்கிற சக்கரத்தை டிஸ்க் பிரேக் சட்டென்று பூட்டிவிடும், பூட்டிய சக்கரம் தரையைத் தொட்டதும் சறுக்கும். பிரேக் பிடித்தது ஐயா, நன்றாகவே பிடித்தது. டயர்தான் தரையைப் பிடிக்கவில்லை.

ஓட்டுபவர் 70 கிலோ, டயர் 40 மில்லிமீட்டர் டியூப்லெஸ் என்றால் முன்னால் 30, பின்னால் 33 பிஎஸ்ஐ. இதில் தொடங்குங்கள். உள்ளே டியூப் இருந்தால் நான்கைந்து கூட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பிறகு ஒவ்வொரு முறையும் 2 பிஎஸ்ஐ குறைத்து அதே பாதையில் ஓட்டிப் பாருங்கள். ரிம் ‘டக்’கென்று கல்லில் இடித்தாலோ, வளைவில் டயர் பக்கவாட்டில் நெளிந்தாலோ, 2 கூட்டி அங்கேயே நிறுத்துங்கள். 160 வரை எண் போட்ட தரைப் பம்ப்பின் முள்ளை 30-இல் நம்பாதீர்கள், அந்தக் கீழ்ப்பகுதியில் பலவும் தவறாகத்தான் காட்டும். குறைந்த அழுத்தத்துக்கென்றே தனி அளவி கிடைக்கிறது. எங்கள் ஓட்டங்களில் புதிதாக வருகிறவர்களின் டயரைப் புறப்படும் முன் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன், முக்கால்வாசிப் பேருடையது கருங்கல்லாகத்தான் இருக்கும். சொன்னால் சிரிப்பார்கள். முதல் சரளை இறக்கத்துக்குப் பிறகு தாங்களே வால்வைத் திறப்பார்கள்.

வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். கைகள் ஹுட் மேலே, அதாவது பிரேக் லீவரின் மேல்முனையில், வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக், அதுவும் பின்பக்கம் மட்டும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாயும், பின்சக்கரம் லேசாகிவிடும், லேசான சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். அதுதான் அந்த வாலாட்டம். கையை டிராப்பில், அதாவது ஹேண்டில்பாரின் கீழ் வளைவில், இறக்கினால் லீவரை நுனியில் பிடிக்கலாம், ஒரே விரல் போதும். இடுப்பைப் பின்னால் தள்ளி, சைக்கிள் நிமிர்ந்து நேராகப் போகும்போதே இரண்டு பிரேக்கையும் சேர்த்து வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவுக்குள் விரலைத் தளர்த்திவிட வேண்டும். ஊருக்குள் நுழையும் முன்பே இந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.

“கிராவல் என்றாலே பந்தயம்தானே, அன்பவுண்டைப் பார்த்ததில்லையா?” என்று கமெண்டில் ஒருவர். பார்த்திருக்கிறேன். அமெரிக்காவின் கேன்சஸில் நடக்கிற சரளைப் பந்தயம் அது, 200 மைல், பெரும்பாலும் ஆளரவமற்ற பண்ணைச் சாலைகள். கிராவல் உலக சாம்பியன்ஷிப்பும் 2022-இல் இத்தாலியின் வெனெட்டோவில் தொடங்கியது. பந்தயத்தில் வளைவுக்கு வளைவு ஆள் நிற்பார், உங்களுக்கு அந்தக் கிராமத்தில் யார் கொடி பிடித்தது? பழைய ஊர்கள் வழியாகச் சரளையில் ஓட்டுவதற்கு முன்னோடி என்று எதையாவது சொல்வதானால், அதே இத்தாலியின் டஸ்கனியில் 1997-இல் தொடங்கிய லெரோய்க்கா என்ற சைக்கிள் ஓட்டத்தைச் சொல்லுங்கள். அந்த வெள்ளைச் சரளைச் சாலைகள் தார் பூசப்பட்டு அழிந்துவிடக் கூடாது என்பதற்காகவே அதைத் தொடங்கினார்கள். சாலையைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள் அவர்கள். நாம் வாசற்படியை இடிக்கிறோம்.

“பொது வழி, எனக்கும் உரிமை உண்டு.” உண்டு, யார் இல்லை என்றது? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்ட அனுமதித்தது 1968-ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம். நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும் என்று அதே பிரிவில் எழுதியிருக்கிறது. உரிமையும் நிபந்தனையும் ஒரே மூச்சில். முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு வந்தால் எப்படி?

“கார்களெல்லாம் வேகமாகப் போகவில்லையா?” போகின்றன. அதனால்?

“மணி அடித்தாரே!” இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் தப்பித்துக்கொள்ளும் சந்து இதுதான். ஐந்து மீட்டரில் அடிக்கிற மணி எச்சரிக்கை இல்லை, மிரட்டல். முதுகுக்குப் பின்னால் திடீரென்று மணி கேட்டால் மனிதர் திரும்பிப் பார்க்கிற பக்கமே நகரவும் செய்வார், பெரும்பாலும் நீங்கள் கடக்க நினைத்த பக்கம். முப்பது நாற்பது மீட்டர் இருக்கும்போதே ஒருமுறை அடித்துவிட்டு, பெடலை நிறுத்தி, பின்சக்கரத்தின் ‘டிக் டிக்’ சத்தம் கேட்கிறபடி வாருங்கள். அவர் திரும்பவில்லையென்றால் அவருக்குக் காது கேட்கவில்லை என்றே எடுத்துக்கொண்டு நடக்கிற வேகத்துக்கு இறங்குங்கள். குதிரையென்றால் மணியே வேண்டாம், தூரத்திலிருந்தே குரல் கொடுங்கள். மனிதக் குரல் கேட்டால் அது அவ்வளவாக மிரளாது. எட்டுப் பேர் ஒன்றாக வந்தால் முதல் ஆள் மணி அடித்ததோடு முடியவில்லை. ஒருவர் கடந்ததும் அவ்வளவுதான் என்று நினைத்து அந்தப் பெரியவர் நடுத்தெருவுக்கு வருவார், இரண்டாவது ஆள் அங்கே இருப்பார். “பின்னால் இன்னும் ஏழு பேர்” என்று சொல்ல எத்தனை வினாடி ஆகும்? அவர்கள் எட்டுப் பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

பெரியவர் மேல் பழி போட்டு வந்த கமெண்டுகளுக்குப் பதிலே கிடையாது. அது அவர் வாசல்.

“உங்களால் வேகமாக ஓட்ட முடியவில்லை, அந்தப் பொறாமை, அங்கிள்.” சரி தம்பி, அப்படியே இருக்கட்டும். எனக்கு வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இதை எழுதியவர்களில் சிலருக்கு முதல் டயரை ரிம்மில் ஏற்றிக் கொடுத்ததும், எந்தப் பாதையில் மழைக்குப் பிறகு களிமண் சக்கரத்தைக் கவ்வும் என்று சொல்லிக் கொடுத்ததும் யார் என்று அவர்களுக்கே தெரியும். பரவாயில்லை. ஆனால் ஊர்க்காரர்கள் உங்களையும் என்னையும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. வளைந்த ஹேண்டில்பாரும் ஹெல்மெட்டும் தெரிந்தால் போதும், அவர்களுக்கு எல்லோரும் ஒன்றுதான். முதலில் முறைப்பார்கள், அப்புறம் ஒரு பலகை வைப்பார்கள், அப்புறம் கேட்டுக்குப் பூட்டு. மூடியிருந்த கேட்டைத் திறந்து போனால் மூட வேண்டும், திறந்திருந்ததைத் திறந்தே விட வேண்டும் என்பதையே பாதிப் பேர் பின்பற்றுவதில்லை, ஆடு வெளியே போனால் தேடுவது அவர்கள்தானே. இந்த அமைதியான பாதைகள் நமக்குத் திறந்திருப்பது யாரோ பொறுத்துக்கொள்வதால். இதைப் புரியவைக்கவும் பிஎஸ்ஐ கணக்கு போட வேண்டுமா?

அந்தத் தெருவில் ஸ்ட்ராவா செக்மென்ட் ஒன்று, அதாவது யார் வேகமாகக் கடந்தார்கள் என்று ஸ்ட்ராவா செயலி பட்டியல் போடுகிற பாதைத் துண்டு, இருக்கிறது, வீடியோவுக்குக் காரணமே அதுதான் என்று பலருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. அதை ஆபத்தான செக்மென்ட் என்று செயலியில் குறித்துவிட்டேன். அப்படிக் குறித்தால் முன்னிலைப் பட்டியல் மறைந்துவிடும். முதலிட மகுடம் போய்விட்டதே என்று இன்பாக்ஸில் திட்டியவர்கள் திட்டிக்கொள்ளட்டும்.

கடைசியாக, டிஸ்க் பிரேக்கில் புது பேட் போட்டும் பிரேக் கீச்சிடுகிறது, பிடிப்பும் இல்லை என்று நேற்று கேட்டிருந்தவருக்கு: செயின் எண்ணெய் ரோட்டாரில் (பேட் பிடிக்கிற வட்டத் தட்டு) பட்டிருக்கிறதா பாருங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ரோட்டாரைத் துடையுங்கள். எண்ணெய் ஊறிய பேடைத் துடைத்துப் பயனில்லை, மாற்றுங்கள். பிறகு, புது பேட் ரோட்டாரோடு படிவதற்காக, ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்திலிருந்து நடக்கிற வேகம் வரை, சக்கரம் பூட்டாமல், முழுதாக நிற்காமல், முன்னும் பின்னும் தனித்தனியாக இருபது முறை பிரேக் பிடியுங்கள். ஊருக்குள் வேண்டாம்.