புது மீட்டர் வாங்கிய புத்தி

என் சைக்கிளில் வேகமும் தூரமும் காட்டிய பழைய மீட்டர் ஆறு வருடம் உழைத்தது. ஸ்போக்ஸ் கம்பியில் ஒரு காந்தம், சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் ஒரு சென்சார், சக்கரச் சுற்றளவு 2,105 மில்லிமீட்டர் என்று ஒரு முறை பதிந்தால் போதும். பேட்டரி தீர்ந்தால் கடிகாரக் கடைக்காரர் மாற்றித் தருவார். அது யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

புத்தி கெட்டுப்போய் ஜிபிஎஸ் உள்ளதை வாங்கினேன். ஞாயிறு காலை ஐந்தரை மணி, புதுச்சேரி கடற்கரைச் சாலை, காந்தி சிலை அருகே ஒரு காலை ஊன்றி நிற்கிறேன். மீட்டர் புளூடூத்தில் போனோடு இணையவில்லை. போனில் இருக்கும் அதன் செயலி இருப்பிட அனுமதி கேட்கிறது. கொடுத்தால், தன்னைப் புதுப்பிக்கச் சொல்கிறது. நண்பர்கள் கடலூரை நோக்கிக் கிளம்பிவிட்டார்கள். நடைப்பயிற்சிப் பெரியவர் ஒருவர் மூன்றாம் முறையாகக் கடக்கும்போது, "செயின் கழன்றுவிட்டதா தம்பி?" என்கிறார். என்ன சொல்வேன்!

ஒருவழியாக இணைந்தது, அரியாங்குப்பம் பாலம் தாண்டியதும் அறுந்தது. பேட்டரியைச் சேமிக்கிறதாம், பின்னணியில் ஓடிய செயலியைப் போனே அணைத்துவிட்டது. சட்டைப்பைக்கும் ஹேண்டில்பாருக்கும் இரண்டு முழம்கூட இல்லை!

சென்ற தூரமெல்லாம் மீட்டருக்குள் பத்திரமாக இருக்கிறது, போனுக்குத்தான் வர மறுக்கிறது. இரண்டையும் சாப்பாட்டு மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன். 'தேடுகிறது' என்கிறது, இன்னும்.