சாது பிடித்த அணில்

தாமோதரன், சாது என்கிற நாயை வளர்ப்பவர். விசாலம், மதிலுக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர். கால்நடை மருத்துவமனையில் பல வருஷம் சீட்டு எழுதி ஓய்வு பெற்றவர். சம்பவ இடம் தாமோதரன் வீட்டுக் கொல்லை. சாதுவுக்கு வசனம் கிடையாது. ஆனால் வந்திருந்தவர்களில் நிதானமாக நடந்துகொண்டது அது மட்டும்தான்.

விசாலம்: என்ன தம்பி, விடிந்ததும் விடியாததுமாக யாரைத் திட்டுகிறாய்?

தாமோதரன்: வேறு யாரை அக்கா, இந்தச் சாதுவைத்தான். அணிலைப் பிடித்துவிட்டான்.

விசாலம்: ஐயையோ! உயிர் இருக்கிறதா?

தாமோதரன்: இருக்கிறது. துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன், மூச்சு வாங்குகிறது. கொஞ்சம் பால் காய்ச்சிக் கொடுக்கலாம் என்று...

விசாலம்: பாலை நீயே குடி. அரைமயக்கத்தில் இருக்கிற உயிருக்கு வாயில் எதை ஊற்றினாலும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தண்ணீர்கூட வேண்டாம். அட்டைப்பெட்டி இருக்கிறதா?

தாமோதரன்: செருப்பு வாங்கிய பெட்டி இருக்கிறது. செருப்புதான் இல்லை. அதையும் இவன்தான்...

விசாலம்: செருப்புக் கதை அப்புறம். பெட்டியில் நாலு ஓட்டை போடு, அடியில் துணி விரி, அணிலை உள்ளே விட்டு மூடிவிடு. இருட்டும் அமைதியும்தான் இப்போது அதற்கு மருந்து. கையுறை போட்டுக்கொள்.

தாமோதரன்: அணிலுக்குப் போய் கையுறையா? இத்தனூண்டு பிராணி. பயந்து நடுங்குகிறது, பாவம். வாடா கண்ணா, வா... ஆ!

விசாலம்: என்ன?

தாமோதரன்: ஒன்றுமில்லை. பெட்டி இடித்தது.

விசாலம்: பெட்டியை மூடினாயா? சரி, மருத்துவமனைக்குப் போன் போடு. காட்டு உயிர்களைப் பார்ப்பார்களா, இல்லையென்றால் யார் பார்ப்பார்கள் என்று கேள்.

தாமோதரன்: எதற்கு அக்கா? ஒரு துளி ரத்தம் இல்லை. சாது சும்மா செல்லமாகக் கவ்வினான். கொஞ்ச நேரம் வைத்திருந்து மரத்தில் விட்டுவிடலாம்.

விசாலம்: நாயின் பல் இறங்கிய இடம் வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், முடி அதையும் மூடிவிடும். உள்ளே சதை நசுங்கியிருக்கும், பல்லில் இருந்த கிருமியும் போயிருக்கும். இன்றைக்கு மரமேறுகிற அணில் நாலு நாளில் விழுந்து செத்தால் நீ வந்து பார்க்கப்போகிறாயா? செல்லமாகக் கவ்வினானாம். நியூசிலாந்தில் கிவி என்று ஒரு பறவை இருக்கிறதே...

தாமோதரன்: பறக்காதே, அதுவா?

விசாலம்: அதேதான். பறக்காததால் மற்றப் பறவைகளுக்கு இருக்கிற மாதிரி வலுவான மார்பெலும்பு அதற்குக் கிடையாது. நாய் விளையாட்டாகக் கவ்வினாலே நெஞ்சு நொறுங்கிவிடும். 1987-ல் அங்கே வைட்டாங்கி என்ற காட்டில் ஒரே ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் நாய் புகுந்தது. அதைச் சுட்டுப் பிடிப்பதற்குள், சில வாரங்களில், சுமார் 500 கிவிகளைக் கொன்றிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள்.

தாமோதரன்: ஒரே நாயா!

(இந்த இடத்தில் தாமோதரன் சாதுவைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பெருமை கலந்திருந்தது. பார்த்ததை எழுதாமல் விட முடியவில்லை.)

விசாலம்: மார்பை நிமிர்த்தாதே. கேவலம்.

தாமோதரன்: இல்லை அக்கா, எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. வேளாவேளைக்கு வயிறு முட்டத் தின்கிறான். பசியில் செய்தான் என்றால் மன்னிக்கலாம். இவனுக்கு என்ன குறை?

விசாலம்: பசிக்கும் துரத்துவதற்கும் முடிச்சுப் போடாதே. அது தனிக் கணக்கு. பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, உதறிக் கொல்வது, அப்புறம்தான் தின்பது. இதில் தின்பது கடைசி. துரத்துவதே நாய்க்குப் பரம சுகம். மனிதர்கள்தான் தங்கள் வசதிக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைக் குறைத்து நாய்களை வளர்த்தார்கள். ஆடு மேய்க்கிற பார்டர் காலி முறைக்கும், பதுங்கும், துரத்தும். கடிக்கிற புத்தியை மட்டும் மழுக்கி வைத்தார்கள். ரிட்ரீவர் என்கிற ஜாதி, வேட்டைக்காரர் சுட்ட பறவையை நசுக்காமல் தூக்கி வரவேண்டும். உன்னுடையது என்ன ஜாதி?

தாமோதரன்: டெரியர்.

விசாலம்: போச்சு. அதில் எதையுமே குறைக்கவில்லை. எலியைப் பிடித்து ஓர் உதறலில் கொல்லவேண்டும் என்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்த ஜாதி. அதற்குப் போய் சாது என்று பெயர் வைத்திருக்கிறாய்.

தாமோதரன்: குட்டியில் அவ்வளவு சாது அக்கா.

விசாலம்: சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். உன் சாது மிரளக்கூட இல்லை, கொல்லை கொள்ளவில்லை.

தாமோதரன்: ஆனால் ஒன்று. செய்ததை அவன் மறைக்கவில்லை. முகத்தைப் பாருங்கள், காது தொங்குகிறது, கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொள்கிறான். தப்பு என்று தெரிகிறது அவனுக்கு.

விசாலம்: அது தப்பு தெரிந்த முகம் இல்லை, உன் குரலுக்குப் பயந்த முகம். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்று ஒரு ஆராய்ச்சியாளர் 2009-ல் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார். தின்பண்டத்தைக் காட்டி, தொடாதே என்று சொல்லிவிட்டு, வளர்ப்பவரை வெளியே அனுப்பிவிடுவார்கள். திரும்பி வந்தவரிடம் நாய் தின்றுவிட்டது, தின்னவில்லை என்று உண்மையையும் பொய்யையும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். திட்டு வாங்கின நாயெல்லாம் குற்றவாளி முகம் காட்டியது. தின்றதா இல்லையா என்பது ஒரு பொருட்டே இல்லை. தின்னாமலே திட்டு வாங்கினது இன்னும் தூக்கலாகக் காட்டியதாம்.

தாமோதரன்: அப்படியென்றால் செருப்பு? டேய் சாது! செருப்பைக் கடித்தது நீதானே?

(சாது தலையைத் தொங்கப் போட்டது.)

தாமோதரன்: பார்த்தீர்களா, ஒத்துக்கொண்டான்!

விசாலம்: அதையே கொஞ்சிச் சொல்லு.

தாமோதரன்: சாதுக்கண்ணு, என் ராசா, செருப்பைக் கடித்தது நீயாம்மா?

(சாது உடம்பே ஆடும்படி வாலை ஆட்டியது.)

விசாலம்: இப்போது குற்றமற்றவர் என்று விடுதலையாகிவிட்டார். அடுத்த கேள்வி. அணிலை வாயிலிருந்து எப்படி வாங்கினாய்?

தாமோதரன்: துரத்தினேன். கொல்லையைச் சுற்றிச் சுற்றி ஓடினோம். தொட்டிச்செடியெல்லாம் கவிழ்ந்தது. கடைசியில் நான் தடுக்கி விழுந்தபோது, என்ன ஆச்சு என்று பார்க்க வந்தான். அப்போது பிடுங்கிவிட்டேன்.

விசாலம்: வாயில் அணில், பின்னால் எஜமானன் மூச்சிரைக்க ஓடி வருகிறான். நாய்க்கு இதைவிடத் திருவிழா ஏது? துரத்தினால் ஓடும். பிடுங்கினால் அடுத்த முறை அவசரமாக விழுங்கும். நின்ற இடத்திலேயே நின்று, அதைவிட ருசியாக ஒன்றைக் காட்டி, “விடு” என்று சொல்லவேண்டும். விட்டதும் காட்டினதைக் கொடுத்துவிட வேண்டும். அதையும் அணில் வாயில் இருக்கும்போது முதன்முதலாகச் சொல்லிப் பார்க்கக்கூடாது. பொம்மையை வைத்து முன்னாலேயே பழக்கியிருக்க வேண்டும்.

தாமோதரன்: பொம்மையெல்லாம் நிறைய வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இதோ பாருங்கள், அமுக்கினால் கீச் கீச் என்று கத்தும்.

விசாலம்: இது என்ன உருவம்?

தாமோதரன்: ... அணில்.

விசாலம்: கீச்சிட்டால் கவ்வு, கவ்வினால் உதறு, உதறினால் சபாஷ். நீதானே சொல்லிக் கொடுத்தாய்?

தாமோதரன்: சபாஷ் என்றது நான்தான். கைகூடத் தட்டினேன். தூக்கிப் போட்டுவிடட்டுமா?

விசாலம்: வேண்டாம், இருக்கட்டும். உள்ளே இருக்கிற வேட்டைக்கு ஒரு போக்கிடம் வேண்டுமே. கயிற்றில் கட்டி இழு, துரத்தட்டும், ஆனால் நீ சொன்னால் நிறுத்தவேண்டும். சரி, காலையில் கதவை எப்படித் திறப்பாய்?

தாமோதரன்: எப்படி என்றால்? தாழ்ப்பாளை நீக்குவேன், அம்பு மாதிரிப் பாய்வான்.

விசாலம்: எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

(தாமோதரன் சிறிது நேரம் தொட்டிச்செடிகளை நிமிர்த்துவதில் ஈடுபட்டார்.)

தாமோதரன்: அக்கா, எனக்கு அணில்மேல் பகையா என்ன? நான்தான் அவற்றுக்குத் தினமும் தானியமே போடுகிறேன்.

விசாலம்: எங்கே போடுகிறாய்?

தாமோதரன்: அதோ, அந்த வெட்டவெளியில். சாது படுக்கிற சாக்குக்குப் பக்கத்தில். பழகப் பழக இரண்டு பேரும் சிநேகமாகிவிடுவார்கள் என்று ஒரு எண்ணம்.

விசாலம்: அணிலுக்குத் தானியம், சாதுவுக்கு அணில். பந்தியில் ஒருத்தரையும் விடாமல் பரிமாறியிருக்கிறாய்.

தாமோதரன்: அப்படிச் சொல்லாதீர்கள். ஒரே ஒரு அணில். உலகத்தில் அணிலுக்கா பஞ்சம்?

விசாலம்: வீட்டுக்கு வீடு இதைத்தான் சொல்கிறார்கள். 2017-ல் வந்த ஓர் ஆய்வில், வீட்டு நாய், தெருநாய், காட்டில் திரிகிற நாய் எல்லாம் சேர்த்து, உலகம் முழுக்க அழியும் நிலையில் உள்ள 188 வகை முதுகெலும்பு உயிர்களுக்கு நாய்கள் ஆபத்து என்று கணக்கெடுத்திருந்தார்கள். பூண்டற்றுப்போன 11 வகைகளின் அழிவில் நாய்க்கும் பங்கு உண்டாம். அதையெல்லாம் விடு. உன் நாய்மேல் உனக்கு அக்கறை உண்டா?

தாமோதரன்: என்ன இப்படிக் கேட்டுவிட்டீர்கள்?

விசாலம்: விஷம் தின்ற எலியை இது தின்றால் அந்த விஷம் இதற்கும் ஏறும். எலியின் சிறுநீரில் லெப்டோஸ்பைரோசிஸ் என்கிற எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், அது நாயிலிருந்து உனக்கும் வரும். வெறிநோய் இருக்கிறது. பாம்பு இருக்கிறது. தேரையைக் கவ்வினால் அதன் தோலில் சுரக்கிற நஞ்சில் வாய் நுரை தள்ளும்.

தாமோதரன்: நுரையா? வெள்ளையாகவா?

விசாலம்: ஏன்?

தாமோதரன்: போன மழையில் ஒரு ராத்திரி வாயெல்லாம் நுரையோடு வந்தான். என் பற்பசையைத் தின்றுவிட்டான் என்று குளியலறையைப் பூட்டி வைத்தேன்.

விசாலம்: பிழைத்தது உன் பாக்கியம். இனிமேல் அப்படி வந்தால் தலையைக் கீழே சாய்த்து, தண்ணீரை வாயின் பக்கவாட்டில் விட்டுக் கழுவி வெளியே வடியவிடு, தொண்டைக்குள் போகக்கூடாது. ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால் துடை. உடனே மருத்துவரிடம் ஓடு. குளியலறையைத் திறந்து வை.

தாமோதரன்: சரி அக்கா, நாளையிலிருந்து என்ன செய்யட்டும்? கழுத்தில் மணி கட்டிவிடவா? பூனைக்குத்தான் யார் கட்டுவது என்று கேள்வி. நாய்க்கு நானே கட்டிவிடுவேன்.

விசாலம்: கட்டு, தப்பில்லை. ஓடத் தெரிந்ததற்கு அது உதவலாம். கூட்டிலிருந்து இறங்கி, இன்னும் பறக்கத் தெரியாமல் தத்துகிற குஞ்சுக்கு மணிச்சத்தம் கேட்டு என்ன லாபம்? குஞ்சு கீழே இருந்தால் சில நாள் சாதுவைக் கயிற்றோடு மட்டும் கொல்லைக்குக் கொண்டுவா. தாய்ப்பறவை பக்கத்தில்தான் இருக்கும், தீனி கொடுக்க வரும். வழியில் கிடந்தால் தூக்கிப் புதருக்குள் வை. மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பதெல்லாம் சும்மா பேச்சு.

தாமோதரன்: மற்ற நாளில்?

விசாலம்: கதவைத் திறக்குமுன் விளக்கைப் போடு, கையைத் தட்டு, நீ முதலில் வெளியே வந்து ஒரு சுற்று பார். இருக்கிறவை ஓடி ஒளிய அவகாசம் கொடு. விடிகிற நேரமும் இருட்டுகிற நேரமும் நீளக்கயிறு இல்லாமல் விடாதே. தானியத்தை சாது எட்டாத இடத்தில் வை. இதன் சாப்பாட்டுத் தட்டை ராத்திரி வெளியே வைக்காதே, எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். இத்தனையும் போதாவிட்டால் கூடை மாதிரி வாய்மூடி இருக்கிறது. அதைப் போட்டால் மூச்சு விடலாம், தண்ணீர் குடிக்கலாம், கவ்வ முடியாது. நீ பக்கத்தில் இருக்கும்போது மட்டும் போடு.

தாமோதரன்: இவ்வளவும் நானேதான் செய்யவேண்டுமா? சாதுவின் பங்குக்கு ஒன்றும் இல்லையா?

விசாலம்: அதன் பங்கைத்தான் காலையில் முடித்துவிட்டதே. போனைப் போடு முதலில்.

(தாமோதரன் போன் போட்டார்.)

தாமோதரன்: ஹலோ... ஆமாம், அணில். நாய் கவ்விவிட்டது... பெயரா? தாமோதரன். ஓ, நோயாளி பெயரா? பெயர் வைக்கவில்லை... உரிமையாளரா? யாரும் இல்லை, சுயேச்சை... முகவரியா? மரம். கொல்லை மூலையில் இருக்கிற மரம்... இல்லை சார், விளையாடவில்லை... உடனே வரலாமா? நல்லது, நல்லது... என்னது?

விசாலம்: என்ன கேட்கிறார்கள்?

தாமோதரன்: அணில் யாரையாவது கடித்ததா என்று கேட்கிறார்கள்.

விசாலம்: இல்லை என்று சொல்லேன். ஏன் முழிக்கிறாய்? கையை ஏன் பின்னால் வைத்திருக்கிறாய்? காட்டு.

தாமோதரன்: அது... சும்மா செல்லமாகக் கவ்வியது அக்கா.

விசாலம்: கடவுளே! ஒரு துளி ரத்தம் இல்லை என்றாயே, இது என்ன? போ, குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிஷம் நன்றாகக் கழுவு. உன்னை மனித டாக்டரிடம் காட்டவேண்டும், ஊசி வேண்டுமா என்று அவர் சொல்லட்டும்.

தாமோதரன்: அப்புறம் சாது?

விசாலம்: சாதுவைக் கட்டிப்போடு. பெட்டிக்குப் பக்கத்தில் அது மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தால் அணில் பயத்திலேயே போய்விடும். வண்டியில் நோயாளிகள் மட்டும் ஏறினால் போதும்.

தாமோதரன்: ஓட்டுவது யார்?

விசாலம்: நான்தான். நீ பின்னால் உட்கார்ந்து பெட்டியைப் பிடித்துக்கொள். அந்த ஓட்டையிலிருந்து விரலை எடு!