கற்பூரக் கணக்கும் கொப்பிக் கணக்கும்

எங்கள் கோயில் பொருளாளர் அண்ணையிடம் நீல மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி (தடித்த கணக்குக் கொப்பி) ஒன்று இருந்தது. கற்பூரம் 240 ரூபா, அதற்குக் கீழே பிள்ளைகளுக்குப் பென்சில் 450, அதற்கும் கீழே ஐயருக்குப் பயணச் செலவு 1000, கஞ்சிக்கு அரிசி 10 கிலோ. ஒரு சதம் பிசகாது. இருந்தும் அந்தக் கொப்பியால்தான் எங்கள் மாலை வகுப்புக்கு வரவேண்டிய உதவி வராமல் போனது.

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கத்து ஊர் எங்களுடையது. போர் முடிந்து மீளக்குடியமர்ந்த நாளிலிருந்து கோயில் மடத்தில் மாலை வகுப்பு நடக்கிறது. உயர்தரம் முடித்த இரண்டு பிள்ளைகள் படிப்பிக்கிறார்கள். ஆறு மணிக்கு ஒரு கோப்பை இலைக்கஞ்சி. கஞ்சிக்காகவே வரத் தொடங்கி, பிறகு கணிதத்தில் கெட்டிக்காரரான பிள்ளைகளும் உண்டு.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு வெளிநாட்டு உதவித் திட்டத்துக்கு விண்ணப்பித்தோம். கூரை, வாங்கு (இருக்கைப் பலகை), மேசை, சூரிய மின்விளக்கு, எல்லாமாக ஆறு இலட்சம். இரண்டு வருடக் கணக்கு கேட்டார்கள். நீலக் கொப்பியைப் போட்டோக்கொப்பி எடுத்து அனுப்பினோம். வழிபாட்டுச் செலவையும் கல்விச் செலவையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்று பதில் வந்தது. ‘சைவக் கோயில் என்றபடியால் தள்ளிவிட்டார்கள்’ என்று ஊரில் கதைத்தார்கள். நானும் ஒரு கிழமை அப்படித்தான் நினைத்தேன். பிறகு அந்தக் கொப்பியை, எங்களைத் தெரியாத ஒருவர் வாசிப்பதுபோல் நானே இருந்து வாசித்தேன். அவர்கள் சொன்னது சரி.

சமய நிறுவனம் என்பதற்காக மட்டும் எல்லோரும் கதவைச் சாத்துவதில்லை. பூசைக்கும் திருவிழாவுக்கும் தரமாட்டார்கள், அவ்வளவுதான். மன்னார் மறைமாவட்டத்தின் வாழ்வுதயத்தைப் பாருங்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் அமைப்புத்தான், ஆனால் வாழ்வாதாரம், வீடு, மீனவர் என்று எத்தனை வருடமாக வேலை செய்கிறது! ஒரு பங்குத்தந்தைக்குப் பின்னால் மறைமாவட்டம் நிற்கிறது, கணக்காளர் இருக்கிறார், முந்திய அறிக்கைகள் இருக்கின்றன. எங்கள் கோயில்கள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பரிபாலன சபை. எங்களுக்காகப் பொறுப்புச் சொல்ல மேலே ஆள் இல்லை. அதனால் எங்கள் கடதாசிதான் எங்களுக்குச் சாட்சி.

வகுப்புக்கென்று தனிக் குழு அமைத்தோம். ஏழு பேரில் நாலு பேர் தாய்மார். யாப்பு, அதாவது குழுவின் விதிகள், எழுதி, பிரதேச செயலகத்தில் பதிவு செய்து, கோயில் கணக்கோடு சேராத வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்தோம். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த்தான் தன்னார்வ சமூக சேவை அமைப்புகளின் பதிவு நடக்கிறது. ஒரு பிரதேசத்துக்குள் மட்டும் வேலை செய்யும் சிறிய அமைப்புக்குப் பிரதேச செயலகமே போதும். கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. அறநெறிப் பாடசாலை என்றால் இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களத்தில் பதிய வேண்டும், அது வேறு வழி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி ஒரே கடிதத்தில் கேட்கும் ஊர்களை எனக்குத் தெரியும்.

கஞ்சிக்கு இலை பறித்துத் தரும் அம்மாவிடம் எங்கே பில் வாங்குவது? வவுச்சர் எழுதி, தொகை, திகதி, அடையாள அட்டை இலக்கம் போட்டு அவரிடம் கையொப்பம் வாங்குகிறோம். முதல் நாள் பேனையைப் பிடித்துக்கொண்டு, “முப்பது ரூபா இலைக்கு ஏன் தம்பி கையெழுத்து?” என்று கேட்டார். இப்போது பணம் வாங்க முன்னமே “எங்கே உங்கட கொப்பி” என்று கேட்கிறார்.

உதவி தருகிறவர்களிடமும் எனக்கு ஒரு சொல் உண்டு. ஒரேயொரு ஹார்ட்வெயார் உள்ள ஊரில் மூன்று கடையின் கொட்டேசன் (விலைக்கூறு) கேட்டால், கூரைத் தகரத்துக்காக முல்லைத்தீவுக்கும் கிளிநொச்சிக்கும் பஸ் ஏறவேண்டும். படிவமும் ஆங்கிலத்தில். இதனால்தான் ‘புரொப்போசல் எழுதித் தருகிறேன், வாற காசில் பத்து வீதம் தா’ என்று சொல்லும் ஆட்களுக்குப் பிழைப்பு நடக்கிறது. தயவுசெய்து அவர்களிடம் போகாதீர்கள். அவர்கள் எழுதுவது உங்கள் ஊராக இருக்காது. உங்கள் பிள்ளைகளைப் பற்றித் தமிழில் இரண்டு பக்கம் நீங்களே எழுதுங்கள். மொழிபெயர்க்க ஒரு ஆசிரியர் கிடைப்பார்.

அதேபோல், காசு இருக்கும் பக்கம் திட்டத்தைத் திருப்பாதீர்கள். 2009க்குப் பிறகு வன்னியில் இதை நிறையப் பார்த்தோம். கிணறு கேட்ட இடத்தில் தையல் இயந்திரம் வந்தது. இறக்கியவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். இயந்திரம் பொதுநோக்கு மண்டபத்தில் சாக்கால் மூடிக் கிடந்தது. ஒரு தூதரகம் இந்த வருடம் காலநிலை என்று அறிவித்தால் எங்கள் கணித வகுப்பு காலநிலை வகுப்பாக மாறக்கூடாது. பொருந்துகிற அறிவிப்பு வரும்வரை காத்திருப்போம்.

ஒன்றைப் பிந்தித்தான் விளங்கிக்கொண்டேன். கனடாவின் உள்ளூர் முயற்சிகளுக்கான நிதி, அவுஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டம், ஜப்பான் தூதரகத்தின் அடிமட்ட நன்கொடைத் திட்டம் எல்லாம் குறிப்பிட்ட காலத்தில் தொடங்கி முடியும் வேலைக்கான காசு.  வன்னியில் கண்ணிவெடி அகற்றியதில் ஜப்பானின் காசுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் எங்களைப் போன்றவர்களின் சம்பளத்துக்கோ அன்றாடச் செலவுக்கோ பொதுவாக அதில் இடமில்லை. கட்டடம் வரும், வாங்கு வரும். படிப்பிக்கிற பிள்ளைக்கு மாதக் கொடுப்பனவு அங்கிருந்து வராது. எங்களுக்கோ கூரை ஒழுகினாலும் வகுப்பு நடந்தது, ஆசிரியை ஆடைத் தொழிற்சாலைக்குப் போன இரண்டு மாதம் வகுப்பே இல்லை.

அந்த இடத்தில்தான் புலம்பெயர்ந்த எங்கள் சனத்தைக் கேட்கிறேன். கும்பாபிஷேகத்துக்கும் தேருக்கும் அள்ளித் தந்தீர்கள். அந்தப் பக்தியை நான் குறையாகச் சொல்லமாட்டேன், நானும் அந்தத் தேர்வடம் பிடித்தவன். திருவிழாவில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு உபயகாரர், அந்த நாள் செலவைப் பொறுப்பேற்பவர், இருக்கிறார். வருடம் தவறாமல் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் தன் நாளுக்குரிய காசை அனுப்பிவிடுகிறார். அதே முறையில் வகுப்புக்கும் மாத உபயம் வைத்திருக்கிறோம். இரண்டு ஆசிரியைகளின் கொடுப்பனவு, ஒரு மாதக் கஞ்சி, மின்சார பில். மாத முடிவில் கணக்கும் வவுச்சர்களின் படமும் உபயகாரரின் வட்ஸ்அப்புக்குப் போகும்.

பத்து மாதத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது. ஐப்பசிக்கும் மாசிக்கும் இன்னும் உபயகாரர் இல்லை.