நான்கு விநாடிகளின் கணக்கை யார் வைத்திருக்க வேண்டும்?

2024 ஆகஸ்ட் 5 அன்று, பாரிஸ் ஒலிம்பிக்கின் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் தரைப்பயிற்சி இறுதிச் சுற்றை நேரலையில் பார்த்தவர்களால் அதன் கடைசி சில நிமிடங்களை எளிதில் மறக்க முடியாது. பெர்சி அரங்கில், பதினெட்டு வயது ருமேனிய வீராங்கனை அனா பர்போசு, மூன்றாம் இடம் தனக்குத்தான் என்ற நம்பிக்கையில் நாட்டுக் கொடியுடன் மகிழ்ந்துகொண்டிருந்தார். அப்போது புள்ளிப் பலகையில் எண்கள் மாறின. அமெரிக்காவின் ஜோர்டன் சைல்ஸுக்கு முதலில் தரப்பட்ட 13.666 என்ற மதிப்பெண் 13.766 ஆக உயர்ந்தது, 13.700 பெற்றிருந்த பர்போசு நான்காம் இடத்துக்கு இறங்கினார். கையிலிருந்த கொடி கீழே விழ, அழுதுகொண்டே அவர் வெளியேறினார். ஐந்து நாள் கழித்து அதே கண்ணீர் சைல்ஸின் முறைக்கு வந்தது.

இந்த விவகாரத்தைப் பற்றி அமெரிக்க ரசிகர்களும் ருமேனிய ரசிகர்களும் எழுதியவற்றுள் நிறையப் படித்திருக்கிறேன். ஒரு பெண்ணை ஆதரிப்பதற்காக இன்னொரு பெண்ணைக் குற்றவாளியாக்கும் எழுத்தே அவற்றில் மிகுதி. சைல்ஸின் மீது கொட்டப்பட்ட இனவெறி வசைகளை இங்கே எடுத்துச் சொல்லவும் மனம் கூசுகிறது. என் கருத்து வேறு. இதில் எந்த வீராங்கனையும் தவறு செய்யவில்லை. தவறு முழுவதும் போட்டியை நடத்தியவர்களுடையது. அதற்கான விலையை மட்டும் வீராங்கனைகள் கொடுத்தார்கள்.

நடந்தது என்னவென்று முதலில் பார்ப்போம். இன்றைய சர்வதேச விதிப்படி ஒவ்வொரு பயிற்சிக்கும் இரண்டு மதிப்பெண்கள் உண்டு. செய்த அசைவுகள் எவ்வளவு கடினமானவை என்பதற்கு ஒன்று, அவற்றை எவ்வளவு பிழையின்றிச் செய்தார் என்பதற்கு மற்றொன்று. இரண்டாவதை எதிர்த்துக் கேள்வி கேட்க முடியாது. முதலாவதைப் பற்றிப் பயிற்சியாளர் மறுபரிசீலனை கோரலாம். சைல்ஸ் செய்த ஒரு சுழல் தாவலை நடுவர்கள் முழுமையாகக் கணக்கில் எடுக்கவில்லை. அவருடைய பயிற்சியாளர் செசில் லாண்டி அதைக் கேட்டார். நடுவர்கள் காணொளியை மீண்டும் பார்த்து, கேட்டது சரிதான் என்று 0.1 கூட்டிக் கொடுத்தார்கள். அந்தத் தாவலுக்கு வழங்கும் பெயரே முன்னாள் ருமேனிய வீராங்கனை ஜினா கோகியனுடையதுதான். அசைவு சரியாகச் செய்யப்பட்டதா என்ற கேள்வியில் அதன் பிறகு தீர்ப்பு மாறவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்கு என்பது எவ்வளவு பெரியது என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. 2016 ரியோவில் தீபா கர்மாக்கர் வால்ட் இறுதிச் சுற்றில் 15.066 பெற்று நான்காம் இடத்தில் நின்றார். வெண்கலம் வென்ற சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைன்க்ரூபர் பெற்றது 15.216. அந்த 0.150 இன்றும் நம்மில் பலருக்கு மனப்பாடம்.

சிக்கல் கடிகாரத்தில் இருந்தது. மற்ற வீராங்கனைகளின் பயிற்சியாளர்கள், அடுத்து வருபவரின் மதிப்பெண் பலகையில் தோன்றும் வரை மறுபரிசீலனை கோரலாம். கடைசியாக ஆடுபவருக்கு அடுத்து யாரும் இல்லை என்பதால், அவருடைய தரப்புக்கு மதிப்பெண் வெளியானதிலிருந்து ஒரே ஒரு நிமிடம்தான். அன்று கடைசியாக ஆடியவர் சைல்ஸ். ருமேனியத் தரப்பு, சுவிட்சர்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச விளையாட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. கோரிக்கை ஒரு நிமிடம் நான்கு விநாடிக்குப் பிறகு பதிவானது என்று ஆகஸ்ட் 10 அன்று தீர்ப்பாயம் முடிவு செய்து, 13.666 என்ற பழைய மதிப்பெண்ணை மீட்டது. சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனம் பர்போசுவை மூன்றாம் இடத்தில் வைத்தது. சர்வதேச ஒலிம்பிக் குழு சைல்ஸிடமிருந்து பதக்கத்தைத் திருப்பிக் கேட்டது. தீர்ப்புக்குப் பிறகு அமெரிக்கச் சம்மேளனம் ஒரு காணொளியைக் காட்டியது. லாண்டி 47ஆவது விநாடியிலேயே வாய்மொழியாகக் கேட்டுவிட்டார், 55ஆவது விநாடியில் மறுபடியும் கேட்டார் என்பது அவர்கள் வாதம். சைல்ஸ் அந்த ஆண்டு செப்டம்பரில் சுவிட்சர்லாந்து கூட்டாட்சி உச்ச நீதிமன்றத்தை அணுகினார்.

எனக்கு இதில் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. தீர்ப்பாயத்தின் விரிவான தீர்ப்பிலேயே, ஒரு நிமிட விதி பின்பற்றப்பட்டதா என்பதை அந்த இடத்திலேயே தெளிவாக அறிய சம்மேளனம் எந்த ஏற்பாடும் செய்து வைக்கவில்லை என்று எழுதப்பட்டிருக்கிறது. விநாடிக் கணக்கில் ஒரு விதியை எழுதி வைத்துக்கொண்டு, அந்த விநாடிகளை எண்ணிக் கோரிக்கையை ஏற்பதா மறுப்பதா என்று சொல்ல ஓர் ஆளை நிறுத்தாமல் ஒலிம்பிக் இறுதிச் சுற்றை நடத்தியிருக்கிறார்கள். நேரம் கடந்துவிட்டதென்றால் அன்றே, அந்த மேசையிலேயே மறுத்திருக்க வேண்டும். மறுக்காமல் ஏற்று, மதிப்பெண்ணை மாற்றி, மேடையேற்றிப் பதக்கமும் அணிவித்த பிறகு, அந்த முடிவுக்கான பொறுப்பு கேட்டவருடையதா, ஏற்றவருடையதா? நியாய உணர்வின்படி முடிவெடுக்கும் அதிகாரம் தங்களுக்கு இருந்திருந்தால் மூன்று வீராங்கனைகளுக்குமே வெண்கலம் வழங்கியிருப்போம் என்ற பொருளிலும் அதே தீர்ப்பு பேசுகிறது.

அந்த மூன்றாவது வீராங்கனையைப் பலரும் மறந்துவிட்டார்கள். சப்ரினா மனேகா-வொயினியாவும் 13.700 தான் பெற்றார். பிழையின்றிச் செய்ததற்கான மதிப்பெண் குறைவு என்பதால் பர்போசுவுக்கு அடுத்து வைக்கப்பட்டார். கால் எல்லைக் கோட்டைத் தாண்டியதாக அவருக்கு 0.1 கழிக்கப்பட்டிருந்தது. காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது அவர் கால் கோட்டைத் தாண்டியதாக எனக்குத் தெரியவில்லை. அந்தக் கழிவு இல்லாவிட்டால் 13.800 பெற்று, யாருடைய கடிகாரமும் தேவைப்படாமல் வெண்கலம் அவருடையதாகியிருக்கும். களத்தில் நடுவர் எடுத்த முடிவில் தலையிட முடியாது என்று அவருடைய மனு தள்ளுபடியானது. நடுவர் சரியாகத் திருத்திய முடிவு நான்கு விநாடியால் செல்லாமல் போகிறது. பிழை என்று பலரும் கருதும் முடிவு களத்தில் எடுக்கப்பட்டதால் நிற்கிறது. இந்த இரண்டையும் ஒரே தீர்ப்பில் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

இருபது ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸிலும் ஏறத்தாழ இதே கதை, பாத்திரங்கள் இடம் மாறி நடந்தது. 2004இல் ஆண்கள் தனிநபர் ஒட்டுமொத்தப் போட்டியில் தென்கொரியாவின் யாங் டே-யங் செய்த பாரலல் பார்ஸ் பயிற்சியின் தொடக்க மதிப்பு (பிழைகளுக்குக் கழிப்பதற்கு முந்தைய உச்ச மதிப்பெண்) 10.0 என்று இருக்க வேண்டியது, 9.9 என்று தவறாகக் குறிக்கப்பட்டது. அந்த 0.1 சேர்ந்திருந்தால் தங்கம் அவருடையது, பெற்றது வெண்கலம். தங்கம் அமெரிக்காவின் பால் ஹாமுக்குப் போனது. தவறு நடந்ததைச் சம்மேளனம் ஒப்புக்கொண்டு நடுவர்களை இடைநீக்கம் செய்தது. ஆனால் போட்டி முடிவதற்குள் முறையிடவில்லை என்பதால் யாங்கின் மனுவைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. அன்றும் தாமதம்தான் காரணம். அன்று அது அமெரிக்கருக்குச் சாதகமானது, இன்று பாதகமாகிறது என்று கணக்கு நேர் செய்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. யாங்குக்கு நேர்ந்த அநீதியை சைல்ஸின் அநீதி எப்படித் தீர்க்கும்? 2002 குளிர்கால ஒலிம்பிக்கில் நடுவர் முறைகேடு வெளியானபோது, பனிச்சறுக்கு நடன இணையர் போட்டியில் இரண்டு இணைகளுக்குத் தங்கம் கொடுத்தார்கள். மனம் இருந்தபோது வழியும் இருந்திருக்கிறது.

ஏதென்ஸுக்குப் பிறகுதான், ருமேனியாவின் நாடியா கோமனேச்சி 1976இல் மாண்ட்ரியலில் ஒலிம்பிக் வரலாற்றிலேயே முதன்முதலாகப் பெற்ற அந்த முழுமையான பத்து, சர்வதேசப் போட்டிகளிலிருந்து 2006இல் விடைபெற்றது. அமெரிக்கக் கல்லூரி ஜிம்னாஸ்டிக்ஸில் மட்டும் பத்து இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே ஓர் அணியில் ஒரு கருவிக்கு ஆறு பேர் ஆடுவார்கள், சிறந்த ஐந்து மதிப்பெண்கள் கணக்கில் சேரும். ஒருவர் விழுந்தாலும் அணி தாங்கிக்கொள்ளும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஏறத்தாழ வாரந்தோறும் போட்டி. சொந்த ஊர் அரங்கில் நடுவர்கள் தாராளமாகப் பத்துகளை வழங்குகிறார்கள் என்ற குறையில் உண்மை உண்டு. அந்தத் தாராளம் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஒரே ஒரு நிமிடத்தில் ஒருத்தியின் வாழ்நாள் உழைப்பு தொங்கும் கொடுமை அங்கே இல்லை. முன்பு விளம்பர வருமானம் பெற்றால் கல்லூரி அணியில் ஆட முடியாது; சிமோன் பைல்ஸ் கல்லூரியை விட்டுக்கொடுத்ததற்கு அதுவே காரணம். 2021 ஜூலையில் அந்தத் தடை விலகிய பின், ஒலிம்பிக் வீராங்கனைகள் இரண்டு களங்களிலும் நிற்க முடிகிறது. பாரிஸில் தங்கம் வென்ற ஐவர் அணியில் சைல்ஸ், சுனி லீ, ஜேட் கேரி ஆகிய மூவர் கல்லூரிக் களத்தில் ஆடியவர்களே.

சைல்ஸ் 2025இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் அணிக்குத் திரும்பினார். அதே தரைப்பயிற்சியில் அரங்கம் எழுந்து நின்று கைதட்ட அவர் ஆடியதைப் பார்த்தபோது, பாரிஸ் அவரிடமிருந்து எதைப் பறித்தது, எதைப் பறிக்க முடியவில்லை என்று தெரிந்தது. அவருடைய அணி அந்த ஏப்ரலில் ஃபோர்ட் வொர்த்தில் நடந்த தேசிய இறுதியில் ஓக்லஹோமாவுக்கு அடுத்ததாக இரண்டாம் இடம் பெற்றது. பர்போசுவும் தன் கல்லூரி வாழ்க்கைக்கு அதே கலிஃபோர்னியாவிலுள்ள ஸ்டான்ஃபோர்டைத் தேர்ந்தெடுத்தார். ஆகஸ்ட் 16 அன்று புக்கரெஸ்டில் அவருக்குப் பதக்கம் வழங்கப்படுவதற்கு முன்பே, சைல்ஸுக்கும் வொயினியாவுக்கும் ஆறுதல் சொல்லி அவர் பொதுவெளியில் எழுதியிருந்தார். அடுத்த ஒலிம்பிக்கில் மூவரும் ஒரே மேடையில் நிற்க வேண்டும் என்பதுதான் தன் கனவு என்றார். அடுத்த ஒலிம்பிக் 2028இல், சைல்ஸின் கல்லூரி இருக்கும் லாஸ் ஏஞ்சலிஸில்.