பார்த்துச் செய்யுங்க சார்

போன வாரம் பழைய ஆபீஸ் தங்கச்சி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு மெயிலை அனுப்பி, "அக்கா, இது சரியா இருக்கா பாருங்களேன், நாளைக்கு அனுப்பணும்" என்றாள். இன்க்ரிமென்ட் கேட்டு மேனேஜருக்கு எழுதியது. முதல் பத்தியில் மாமனாருக்கு ஆஞ்சியோ செய்தது. அடுத்ததில் வீட்டு வாடகை ஏறியது. அதற்கடுத்ததில் பையனை எல்.கே.ஜி. சேர்த்த செலவு. கடைசி வரி: "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க சார்."

எவ்வளவு வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அங்கே அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்றும் இல்லை.

அவளைச் சொல்லி என்ன? 2019 ஜூனில் இதே மெயிலை நான் வாயாலேயே ஒப்பித்திருக்கிறேன்.

பாரிமுனைப் பக்கம், சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் ஆபீஸில் பதினொரு வருஷம் இருந்தேன். டாக்குமென்டேஷன் வேலை. துறைமுகத்துக்கு வருகிற சரக்குக்கு பில் ஆஃப் என்ட்ரி, போகிற சரக்குக்கு ஷிப்பிங் பில், இரண்டும் சுங்கத்துறைக்குப் போடுகிற பத்திரம். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் கம்பெனி தருகிற பி.எல். என்ற சரக்கு ரசீது மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து வரி வரியாக ஒத்துப் பார்க்க வேண்டும். சரக்கு எந்த வகை என்று சொல்கிற ஹெச்.எஸ். கோடு சரியா என்று பார்க்க வேண்டும். செக்லிஸ்ட் போட்டு பார்ட்டியிடம், அதாவது சரக்குக்காரரிடம், ஓகே வாங்கி சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் ஏற்ற வேண்டும். குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் பீச் ஸ்டேஷனில் இறங்கி நடை. 2012-இல் சேர்ந்தபோது 15,000 ரூபாய். வருஷத்துக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்று ஏறி 2019-இல் 25,000.

அது ஸ்கூல் திறக்கிற மாசம். முதலாளி அறைக்குள் போய் நின்றேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. பையன் ஃபீஸ், மாமியாருக்குக் கண் ஆபரேஷன், வீட்டு ஓனர் வாடகை ஏற்றியது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "நீங்களே பார்த்துச் செய்யுங்க சார்" என்று முடித்தேன். நல்ல மனுஷன். "அடடா, முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா" என்று டிராயரைத் திறந்து, கையில் வந்த ஐந்நூறு ரூபாய்த் தாள்களை ஒரு பேங்க் கவரில் போட்டு நீட்டினார். "பையன் ஃபீஸுக்கு வெச்சுக்கோ. திருப்பியெல்லாம் தர வேண்டாம்."

வெளியே வந்து எண்ணினேன். 5,000.

சம்பளம் ஏற்றிக் கேட்கப் போனவள் தர்மம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று ரயிலில் பல்லாவரம் தாண்டும்போதுதான் உறைத்தது. அவர் மேல் தப்பில்லை. நான் கஷ்டத்தைச் சொன்னேன், அவர் கஷ்டத்துக்குக் காசு கொடுத்தார். ஆனால் அந்தக் கவரை வாங்கிய பிறகு எந்த முகத்தோடு மறுபடி கேட்பது? அடுத்த வருஷம் கொரோனா வந்தது. யாருக்கும் ஒரு ரூபாய் ஏறவில்லை.

இந்த ஊரில் மற்ற எல்லோரும் தொகையைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். பதினொரு மாத அக்ரிமென்ட் முடிகிற அன்று வீட்டு ஓனர், "அடுத்த மாசத்துலருந்து ஆயிரம் சேர்த்துப் போட்டுடுங்கம்மா" என்பார். தன் கஷ்டத்தைச் சொல்ல மாட்டார். தண்ணி கேன் போடுகிற தம்பி, "இனிமே அஞ்சு ரூபா ஜாஸ்திக்கா" என்பான். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர், "மேல இருபது போட்டுக் குடும்மா" என்பார். அவரைப் பார்த்துதான் நமக்கு அதிகமாகக் கோபம் வரும். 2013-இல் அரசு நிர்ணயித்த ஆட்டோ கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. பத்து வருஷம் தாண்டியும் அது அப்படியே கிடந்தது. பத்து வருஷம் இன்க்ரிமென்ட் இல்லாத மனுஷன் சவாரிக்குச் சவாரி கேட்கிறார், அதுவும் இத்தனை ரூபாய் என்று. நானும் எத்தனையோ நாள் அவர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். அதே நான் ஆபீஸுக்குள் போனால் வாயில் தொகை வராது.

சரி, கதைக்கு வருகிறேன்.

2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் அந்தப் பெரிய கப்பல் குறுக்கே மாட்டி ஆறு நாள் நின்றது நினைவிருக்கும். எல்லோருக்கும் அது மீம். எங்களுக்கு அது ராத்திரி பதினொரு மணிக்கு பார்ட்டி போன் செய்து "என் பெட்டி எங்கம்மா" என்று கத்துவது. அந்த வருஷம் முழுக்கக் கன்டெய்னர் கிடைப்பதே பாடு, ஃப்ரெய்ட் ரேட் என்கிற கப்பல் கட்டணம் எங்கேயோ போனது. வேலை கூடியதால் ஆகஸ்டில் ஒரு பையனைச் சேர்த்தார்கள். மூன்று வருஷ அனுபவம். நல்ல பையன், சுறுசுறுப்பு. அவனுக்கு வேலை சொல்லிக்கொடுக்க வேண்டியது நான்.

ஒரு நாள் தம்பு செட்டித் தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். "அக்கா, எனக்கு முப்பத்திரெண்டுதான் போட்டிருக்காங்க. கம்மி, இல்ல?" என்று கேட்டான்.

என் சம்பளம் அப்போது 26,500.

டீ சுட்டதா இல்லையா என்று தெரியவில்லை, ஒரே மடக்கில் குடித்துவிட்டேன். "கம்மிதான்டா" என்றேன். வேறு என்ன சொல்வது? அவன் மேல் பொறாமையா என்று பிறகு என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. அவன் வெளியிலிருந்து வந்தான், உள்ளே வரும்போதே தொகையைச் சொன்னான். நான் உள்ளேயே இருந்தேன். உள்ளே இருக்கிறவளுக்குப் பழைய விலைதான்.

அந்தத் தீபாவளிக்கு எனக்குச் சால்வை போர்த்தி வெள்ளிக் காசு கொடுத்தார்கள். "இவங்க இல்லன்னா ஆபீஸ் இல்ல" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னார். மனதாரத்தான் சொன்னார், அது எனக்குத் தெரியும். சால்வையை இன்னும் வைத்திருக்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்து அதை மடிக்கும்போது, நான் இல்லாவிட்டால் ஆபீஸே இல்லை, ஆனால் நேற்று வந்தவனைவிட ஐயாயிரத்தைந்நூறு குறைவு என்ற கணக்கு மட்டும் மடங்கவில்லை.

மரியாதை வேறு, சம்பளம் வேறு என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படிப் பிரித்துப் பார்க்க வரவில்லை. எங்கள் வேலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. மார்க்கெட்டிங் ஆள் ஒரு பார்ட்டியைப் பிடித்து வந்தால் அந்த வருமானம் கணக்கில் தெரியும். நான் காப்பாற்றுவது வெளியே போகாமல் நின்ற பணம், அது எந்த லெட்ஜரிலும் ஏறாது. பில் ஆஃப் என்ட்ரியை நேரத்துக்குப் போடாவிட்டால் சுங்கத்துறை முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000, அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 10,000 என்று தாமதக் கட்டணம் போடும். கன்டெய்னர் எண் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்டது. கடைசி இலக்கம் முன்னால் இருப்பவை சரியா என்று காட்டிக்கொடுக்கிற இலக்கம். ஒரு தடவை செக்லிஸ்டில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. சாயங்காலம் ஆறரைக்கு, கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது பார்த்தேன். அதை விட்டிருந்தால் பெட்டி துறைமுகத்திலேயே கிடக்க, திருத்தத்துக்கு அலைய வேண்டியிருக்கும். அன்று இரவு ஒன்பதே முக்காலுக்கு ரயில் ஏறினேன். மறுநாள் பெட்டி வெளியே வந்தது. எல்லாம் சரியாக நடந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

அதனால் எழுத ஆரம்பித்தேன். பையனின் பழைய ரஃப் நோட்டில் தினமும் இரண்டு வரி. டிசம்பரில் அதையும் பழைய ஃபைல்களையும் வைத்து ஒரே பக்கமாக்கினேன். ஆறு மாதத்தில் நான் போட்ட பில் ஆஃப் என்ட்ரி 412. என்னால் வந்த தாமதக் கட்டணம் பூஜ்யம். கண்டுபிடித்த தப்புகள் தேதியோடு. புது ஆளுக்குப் பயிற்சி, இரண்டு மாதம். இதே வேலைக்கு இதே தெருவில் என்ன கொடுக்கிறார்கள் என்று இரண்டு இடத்தில் விசாரித்ததும். கடைசி வரியில்: ஜனவரியிலிருந்து 36,000 எதிர்பார்க்கிறேன். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இந்தத் தடவை உட்கார்ந்தேன்.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்தார். அப்புறம் முதல் கேள்வி: "அவன் சம்பளத்தை உனக்கு யாரு சொன்னா?"

பேப்பரில் அவன் பெயரே கிடையாது. நானும் வாய் திறக்கவில்லை. அடுத்து, "நீ நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி, நீயே இப்படிக் கேட்டா எப்படிம்மா" என்றார். வீட்டுப் பெண்ணுக்குச் சம்பளம் கிடையாது சார் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. "அந்த ஷீட்ல ஏதாவது தப்பிருந்தா சொல்லுங்க சார், திருத்திக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். சும்மா இருப்பதுதான் அன்றைக்கு நான் செய்த கஷ்டமான வேலை. மேலே ஃபேன் சத்தம். வெளியே பிரின்டர் ஓடுகிறது. இரண்டு தடவை "பரவாயில்லை சார்" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

33,000 ஆனது. பாக்கி மூவாயிரம் வரவில்லை. பார்ட்டிகள் அறுபது நாள், தொண்ணூறு நாள் கடன் வைப்பதை நான்தான் தினமும் பார்க்கிறேன், அவர் சொன்ன நெருக்கடி பொய்யில்லை. ஆனால் அந்த நெருக்கடி ஒன்பது வருஷம் என் தலையில் மட்டும் ஏன் விடிந்தது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை.

ஏற்றும்போது எதில் ஏற்றுகிறார்கள் என்று பாருங்கள். முன்பெல்லாம் எனக்கு ஏறியது பெரும்பாலும் ஸ்பெஷல் அலவன்ஸில். பேசிக் நகரவே இல்லை. வேலையை விடும்போது தருகிற கிராஜுவிட்டிக்கு அப்போது கணக்கு கடைசியாக வாங்கிய பேசிக், டி.ஏ.வை வைத்துத்தான்: அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருஷத்தால் பெருக்குவார்கள். பேசிக்கில் 4,000 குறைவாக இருந்தால் ஒன்பது வருஷத்துக்கு அதில் மட்டும் 20,769 ரூபாய் போகும். அதைச் சொல்லி பேசிக்கிலேயே ஏற்ற வைத்தேன்.

சம்பளத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது எல்லா ஆபீஸிலும் எழுதாத சட்டம். டீக்கடையில் அந்தப் பையன் வாயை விட்டிருக்காவிட்டால் நான் இன்னும் சால்வை வாங்கிக்கொண்டிருப்பேன். 1918-இல் பெரம்பூர் மில் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த ஊர் இது. மெரினாவில் உழைப்பாளர் சிலையில் நான்கு பேர் சேர்ந்துதான் பாறையை நகர்த்துகிறார்கள். ஆபீஸ்காரர்கள் நாம் மட்டும் ஒவ்வொருவராக அறைக்குள் போய் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிறோம். பக்கத்து சீட்டுக்காரிக்கு எவ்வளவு என்று தெரியாமல் நியாயமான தொகை எது என்று எப்படித் தெரியும்? இதற்கு என்னைத் திட்டப் போகிறவர்கள் திட்டலாம்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் முதலாளி சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது வாரம் ஒரு பார்ட்டி வந்திருந்தார். "நம்ம பொண்ணுகிட்ட கொடுத்துடுங்க" என்பதுதான் முதலாளி வழக்கம். அன்றைக்கு, "டாக்குமென்ட் விஷயம்னா மேடம்கிட்ட பேசிடுங்க, அவங்க சொன்னா சரியா இருக்கும்" என்றார். மேடம் யார் என்று நானே ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன்.

தங்கச்சியின் மெயிலில் மூன்று பத்தியையும் அடித்துவிட்டேன். "நீ போன வருஷம் என்னென்ன செஞ்சேன்னு எழுது, தொகையைப் போடு" என்று அனுப்பினேன். "பயமா இருக்குக்கா" என்றாள். இருக்கத்தான் செய்யும்.

2022 ஜனவரி சம்பளம் ஏறிய மறுநாள் ஒரு பேங்க் கவரில் 5,000 போட்டு முதலாளி மேஜையில் வைத்தேன். "என்னம்மா இது?"

"பையன் ஃபீஸுக்குக் கொடுத்தீங்களே சார், அது."

திருப்பித் தர வேண்டாம் என்று சொன்னவர்தான். ஆனால் கவரை எடுத்து, தாள் தாளாக எண்ணிப் பார்த்துத்தான் டிராயரில் வைத்தார்.